பழவங்காடியில் ஒரு கடை

சற்று நீண்ட பதிவு. திருவிதாங்கூர் வரலாற்றிலும் இதழியல் வரலாற்றிலும் சொல்லாய்விலும் ஈடுபாடுடைய நண்பர்களும் மாணவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

என் பூட்டனார் திருவனந்தபுரம் பழவங்காடியில் கடை வைத்திருந்தார். என்ன கடை என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கம்போளத்தை அண்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் கடை இல்லாத குடும்பம் அரிது. அரிசி, புளி, பாத்திரம், துணி என்று ஏதோ ஒன்று. அத்தெருவை எழுத்தில் நிலைநிறுத்திய ஆ. மாதவனே அங்கே கடை நடத்தியவர்தாம். ஆதலால் ‘கடை’ என்ற ஒரு சொல் எங்கள் குடும்ப வரலாற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

முனைவர் பட்டத்துக்காகத் திருவிதாங்கூர்த் தமிழ் வணிகர்களின் கணக்கேடுகளில் உள்ள சொல்வழக்கைத் தொகுத்து வருகிறேன். பிறர் வீட்டுப் பரண்களில் தேடியபின் எங்கள் வீட்டுப் பரணிலும் தேடினேன். பாட்டியின் மரப்பெட்டியில் ஒரு நீளக் கணக்கேடு கிடைத்தது. தமிழ் எண்கள், கொல்லம் ஆண்டுக் கணக்கு, பணம், சக்கரம், காசு என்று திருவிதாங்கூர் நாணயம். ஒரு பணத்துக்கு 4 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு, ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். முதல் தாளில் தலைப்பாக இருந்தது ‘ஷாப்பு கணக்கு’. அதன் கீழே ஓர் எண்.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லே சான்றாகும். ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்குச் சென்ற ‘ஷாப்பு’ தன் பொதுப்பொருளை இழந்து சுருங்கியது. மளிகை விற்பதும் துணி விற்பதும் அங்கே ‘கட’. ஷாப்பு என்றால் கள்ளோ சாராயமோ விற்கும் இடம். இன்றும் கேரளத்தில் கரும்பலகையில் வெள்ளையாகக் ‘கள்ளு’ என்றெழுதி எண்ணிட்ட கட்டடத்தைத்தான் ஷாப்பு என்கிறார்கள். தமிழில் ‘ஒயின்ஷாப்’ என்ற கூட்டுச்சொல்லில் முன்மொட்டு தேவைப்படுகிறது, மலையாளத்தில் தேவையில்லை. எங்கள் வீட்டார் தமிழில் ‘கடை’ என்று சொல்லி மறைத்ததை, பக்கத்து வீட்டார் மலையாளத்தில் ‘ஷாப்பு’ என்று சொல்லித் தெரிந்தே வைத்திருந்திருப்பார்கள். இருமொழிச் சூழலில் ஒரு குடும்பம் தன் மானத்தை எந்த மொழியில் காத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என் ஆய்வேட்டில் நான் இதுவரை சேர்க்கவில்லை.

ஏட்டை அத்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாதிருந்தபின் ஒரு கதையைச் சொன்னார். ஸ்ரீநாராயண குரு, மது நஞ்சு, அதைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று சொன்னதைக் கேட்ட அன்றே பூட்டனார் கடையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டாராம். அருவிப்புறத்தையும் மருத்துவாமலையையும் ஒரே நாட்டின் இரு ஊர்களாக அறிந்திருந்த தலைமுறை அது. குரு தமிழிலும் பாடியவர். ஆகவே கதையில் நம்பத்தகாதது எதுவுமில்லை. “செத்துப்போனவருக்க பேரைக் கெடுக்கப்பிடாது மக்ளே” என்பதையும் அத்தை சேர்த்துச் சொன்னார்.

குருவின் அச்செய்தி 1920ஆம் ஆண்டுப் பிறந்தநாளையொட்டி வந்தது. கொல்லம் ஆண்டில் அது 1096 சிங்கம். எங்கள் கணக்கேடோ 1098இல் தொடங்கி 1104 கர்க்கடகத்தில் முடிகிறது. அதாவது 1922 முதல் 1929 வரை. சாவி கிணற்றுக்குள் விழுந்த பிறகும் கடை ஏழு ஆண்டு திறந்திருக்கிறது. நாளிதழ்களுக்குள் நான் இறங்கியது இந்த ஏழு ஆண்டுகளுக்காகத்தான்.

இனி முறையைப் பற்றிச் சில குறிப்புகள். இதே வழியில் தேடப்போகும் மாணவர்களுக்குப் பயன்படலாம்.

முதலாவது, ஊர்ப்பெயர். ‘பழ’ என்னும் பழமைச் சொல்லோடு ‘அங்காடி’ சேர்ந்தால் வகர உடம்படுமெய் பெற்றுப் பழவங்காடி ஆகும். ‘பழம்’ என்னும் கனிச்சொல்லோடு சேர்ந்தாலும், மரம் + அடி மரவடி ஆவதுபோல, மகர ஒற்றுக் கெட்டு அதே பழவங்காடிதான் ஆகும். பழைய அங்காடியா, பழ அங்காடியா என்பதைப் புணர்ச்சியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. தேடுவோருக்கு இதைவிடப் பெரிய இடர், இப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு என்பதாகும். ஆலப்புழையில் ஒரு பழவங்காடி இருக்கிறது. ராந்நியில் ஒரு பழவங்காடி ஊராட்சியே இருக்கிறது. பிள்ளையார் கோயிலால் புகழ்பெற்ற, கிழக்கே கோட்டையை ஒட்டிய பழவங்காடிதான் நமக்கு வேண்டியது. ஆங்கில இதழ்களிலோ ழகரத்துக்கு எழுத்தில்லாததால் ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடக்கும். 1971இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய மலையாளக் கூட்டெழுத்துகளைக் கணினி பிழையாக வாசிப்பதும் வழக்கம். தேடல் பெட்டியை நம்புவதைவிடப் பக்கம் பக்கமாகக் கண்ணால் வாசிப்பதே நல்லது.

இரண்டாவது, காலக்கணக்கு. திருவிதாங்கூர் அரசின் நிதியாண்டே கொல்லம் ஆண்டுதான். ஆவணிக்கு ஒத்த சிங்கத்தில் பிறந்து ஆடிக்கு ஒத்த கர்க்கடகத்தில் முடியும். ஆண்டெண்ணோடு 824 கூட்டினால் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான பகுதியும், 825 கூட்டினால் ஜனவரி முதல் ஆகஸ்டு வரையிலான பகுதியும் கிடைக்கும். கடைகளின் குத்தகையும் இந்த ஆண்டை ஒட்டியே நடந்ததால், ஏல அறிவிப்புகளை ஆண்டு பிறப்பதற்கு முந்தைய மழை மாதங்களின் தாள்களில் தேட வேண்டும். இன்று கேரளம் முழுவதிலும் செல்லும் அப்காரிச் சட்டமும் 1077ஆம் ஆண்டின் முதற்சட்டம் என்றே வழங்குகிறது. அது 1902இல் கொச்சி அரசு இயற்றியது. கொல்லம் ஆண்டெண்ணைக் கழற்றாமலே இன்றுவரை நீதிமன்றங்களில் நடமாடுகிறது.

மூன்றாவது, இதழ்களின் இடைவெளிகள். ஸ்வதேசாபிமானி 1905இல் தொடங்கியது. 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதலாகி, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடுகடத்தப்பட்டதோடு அதன் குரல் நின்றது. 1890 முதல் வந்த மலையாள மனோரமா 1938இல் திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலத்தில் மூடப்பட்டு 1947இல்தான் மீண்டது. 1911இல் மய்யநாட்டில் பிறந்த கேரள கௌமுதி 1940இல் நாளிதழானது. தமிழில் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரனுக்குத் திருவிதாங்கூர் அயல்நாடு. ஒரு கடையைப் பற்றிய மௌனத்தைக் கடையின் மௌனமாகக் கொள்வதற்குமுன் அது இதழின் மௌனமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1922 முதல் 1929 வரை எனக்கு வேண்டிய ஆண்டுகளில் இதழ்கள் இருந்தன என்பது என் நற்பேறு.

நான்காவது, சொற்கள். ‘அப்காரி’ பாரசீகம். ஆப் என்றால் நீர். நீரைச் செய்யும் தொழில் என்னும் நாணமிக்க பெயர். ஏலம் போர்த்துக்கீசிய லெய்லாவோ என்பதன் வழிவந்தது. லகரம் மொழிமுதல் வாராத தமிழில் முன்னெழுத்து உதிர, மலையாளத்தில் அது ‘லேலம்’ என்றே நின்றது. இவற்றைவிட என்னை நிறுத்திய சொல் ‘குத்தக’. தமிழில் குத்தகை என்றால் பிறர் உடைமையைத் தவணைக்கு எடுத்து நடத்துவது. மலையாளத்தில் குத்தக என்றால் முற்றுரிமை. பெருமுதலாளியைக் ‘குத்தக முதலாளி’ என்பர். அரசு தன் மதுவரியைத் தானே வசூலிக்காமல் ஏலத்தில் எடுத்தவருக்கு விட்டு, அந்த வட்டாரத்தில் வேறெவரும் விற்கக்கூடாதென்று தடுத்த ஏற்பாட்டில் இரு பொருளும் ஒன்றாகவே இருந்தன. மொழிகள் பிரிந்தபோது ஒன்று தவணையை எடுத்துக்கொண்டது. மற்றது தனியுரிமையை எடுத்துக்கொண்டது.

இவ்வளவு ஆயத்தத்தோடு தேடியதில் கிடைத்தவை சிறியவை. கள்ளுக்கடை நாளிதழில் தோன்றுவதற்கு நான்கே வாயில்கள் உண்டு. ஏலத்துக்கு வரும்போது, அங்கே அடிதடி நடக்கும்போது, அதை எதிர்த்துக் கூட்டம் கூடும்போது, அதற்குக் கள் இறக்கியவர் மரத்திலிருந்து விழும்போது. கடை ஒழுங்காக நடந்த நாளுக்குச் செய்தியில்லை. கள்ளோடு மரச்சீனியும் மீனும் தின்று, அன்றைய கூலியில் பாதியை வைத்துவிட்டு ஒருவர் வீடு திரும்பியது எந்தப் பத்தியிலும் ஏறாது. அவர் வீட்டில் அன்றிரவு உலை வைத்தார்களா என்பதும் ஏறாது.

பூட்டனாரின் பெயர் எந்த ஏல அறிவிப்பிலும் இல்லை. இருக்கவும் வழியில்லை, அறிவிப்பு ஏலத்துக்கு முன்னால் வருவது, எடுத்தவர் பெயர் பின்னால் அலுவலகக் கோப்பில் ஏறுவது. ஆனால் கணக்கேட்டின் தலைப்புக்குக் கீழிருந்த எண் என்னிடம் இருந்தது. கடைப் பட்டியலோடு வந்த ஓர் அறிவிப்பில் அந்த எண்ணும் பழவங்காடி என்ற பெயரும் ஒரே வரியில் நின்றன. நுண்படச்சுருளின் மங்கிய திரையில் அந்த வரியைப் படியெடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி அச்சில் வந்த முதற்குறிப்பு அதுதான். அதிலும் நாங்கள் இல்லை; எண்தான் இருக்கிறது.

அதே ஆண்டுகளின் இதழ்களில் மற்றொரு பேச்சு இடைவிடாமல் ஒலிக்கிறது. தேசாபிமானியை நடத்திய டி. கே. மாதவன் மதுவர்ஜன இயக்கத்தை முன்னின்று நடத்துகிறார். 1924, 1925ஆம் ஆண்டுகளில் வைக்கம் சத்தியாகிரகம். தமிழகத்தில் ஒத்துழையாமைக் காலத்துக் கள்ளுக்கடை மறியல்களின் சூடு ஆறவில்லை. 1904இல் அமைந்த ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் அப்காரி பற்றிப் பேசுகிறார்கள். மதுவை விட்டொழிப்பது ஒடுக்கப்பட்டோரின் தன்மானத்தோடும் கல்வியோடும் பொருளாதாரத்தோடும் பிணைந்த கோரிக்கையாகிவிட்டது. பூட்டனார் இந்தப் பேச்சைக் கேட்காதிருந்திருக்க முடியாது. கேட்டுக்கொண்டே ஆண்டுதோறும் ஏலத்துக்குப் போயிருக்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் மரமேறிய குடும்பமன்று; ஏலத்தில் கடை எடுத்த குடும்பம். கணக்கேட்டின் வலப்பக்கத்தில் ‘மரம்’ என்றொரு வரிசை உண்டு. எத்தனை மரம், எத்தனை குடம், எவ்வளவு முன்பணம் என்று அதில் கண்டிருக்கிறது. முன்பணம் கழிந்ததாக உள்ள பதிவுகள் குறைவு; அடுத்த ஆண்டுக்குப் பெயர்த்தெழுதியவை மிகுதி. ஆண்டு முடிந்தும் தீராத கடன் அது. கடனாளிகளைப் பூட்டனார் பெயரால் குறிக்கவில்லை. நிற்கும் இடத்தால் குறித்திருக்கிறார். ‘குளத்தங்கரை 7 மரம்’ என்றால் ஏழு மரத்தில் ஏறும் ஒரு மனிதர். நாளிதழிலோ அவர் போன்றவர்கள் தென்னையிலிருந்து விழுந்து மாண்டபோது மட்டும் இரண்டு வரியில் வருகிறார்கள். மலையாளத்தில் அவர்கள் தொழிலுக்குச் ‘செத்து’ என்று பெயர். சீவுதல், செதுக்குதல் என்ற பொருளில் தமிழகராதியிலும் உள்ள சொல்தான். அந்த இரண்டு வரிச் செய்திகளைப் படிக்கும்போது அந்தச் சொல்லின் தமிழ் ஒலி என்னை உறுத்தியது.

குடும்பக் கதையில் நாயகர் பூட்டனார். கெட்ட தொழிலைத் துறந்த நல்லவர். கணக்கேட்டில் அவர் முன்பணம் கொடுத்து மனிதர்களைக் கட்டி வைத்திருந்தவர். நான் படித்த படிப்புக்கு அந்தப் பணம் எங்கோ ஓரிடத்தில் அடித்தளமாக இருக்கிறது. கடை முடிந்தபின் வாங்கிய நிலமும், நிலத்தை விற்றுக் கட்டிய வீடும், வீட்டை ஈடுவைத்துப் படிக்கவைத்த பிள்ளைகளும் என்று வழி நேராகவே செல்கிறது. மதுவை எதிர்த்தவர்களின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்வது எங்களுக்கு இனிமையாக இருந்தது. ஏழு ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை.

எனினும் கதையைப் பொய்யென்று தள்ளிவிடவும் ஏடு விடவில்லை. குரு சமாதியானது 1928 செப்டம்பர் 20. கொல்லம் 1104 கன்னி 5. அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். கன்னி 5 வழக்கமான நாள். விற்றது, வந்தது, நின்றது எல்லாம் இருக்கின்றன. கன்னி 6ஆம் நாளுக்கு நேரே ‘அடைப்பு’ என்ற ஒரே சொல். ஏட்டில் வேறு அடைப்பு நாள்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் மழை, மரணம், சரக்கில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார். இந்த ஒன்றுக்கு எழுதவில்லை. கன்னி 7ஆம் நாள் கடை திறந்து விற்பனை நடந்திருக்கிறது.

ஒருநாள் அடைப்பு என்றென்றைக்குமான அடைப்பாக வளர்ந்ததா? இந்த ஒற்றைச் சொல்லை வைத்து அவ்வாறு நிறுவ நான் முற்படவில்லை. ஆனால் வாய்மொழி வரலாற்றில் இத்தகைய வளர்ச்சி அரிதன்று. குடும்ப நினைவு இல்லாத ஒன்றைப் படைப்பதைவிட, இருந்த சிறிய ஒன்றைப் பெரிதாக்குவதே மிகுதி. கதை சொல்லும் ஆண்டு தவறு; நாளின் எண்ணிக்கை தவறு; அவர் மனத்தில் ஏதோ ஒன்று தைத்தது என்பது மட்டும் தவறாக இருக்க வேண்டியதில்லை. தைத்தது அவரை ஒரு நாளைக்குமேல் நிறுத்தவில்லை என்பதையும் அதே ஏடு சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகவே எழுத வேண்டும்.

பத்து மாதங்கழித்து 1104 கர்க்கடகத்தோடு ஏடு முடிகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வட்டாரமே மாறியது. 1931இல் தம்பானூரில் ரயில் நிலையம் திறக்கவே நடமாட்டத்தின் போக்குத் திரும்பியது. மதுவிலக்கு வந்து, 1967இல் கேரளத்தில் அது தளர்ந்து, 1996 ஏப்ரல் முதல் சாராயம் மட்டும் தடையாகி, கள் இன்றும் ஷாப்பில் விற்கிறது. இன்றைய பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் ஒலியும் பேருந்துகளின் இரைச்சலுமே உண்டு.

சென்ற மாதம் அத்தையிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். கன்னி 6ஆம் நாளைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. முன்பணக் கணக்கைச் சொன்னபோது, “அது அந்தக் காலத்துல எல்லாரும் செய்ததுதானே” என்றார். எல்லாரும் செய்ததுதான். அதனால்தான் அதை எழுத வேண்டியிருக்கிறது என்றேன். அவர் மறுக்கவில்லை, பெயரை மட்டும் போடாதே என்றார். ஒப்புக்கொண்டேன். இப்பதிவில் பூட்டனாரின் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுவே.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இந்தக் கணக்கேட்டின் சொற்றொகுதியைச் சேர்க்கிறேன். அதில் ‘ஷாப்பு’ என்ற சொல்லுக்கு நேரே பொருளும் வழக்கும் காட்டும் பதிவு வரும். ‘மரம்’ என்ற சொல்லுக்கும் தனிப்பதிவு உண்டு. அதன் முதற்பொருள் எல்லாரும் அறிந்தது. இரண்டாம் பொருளாக, ‘கள் இறக்கும் தொழிலாளியைக் குறிக்கும் கணக்கு வழக்கு, கடனாளியின் பெயருக்கு ஈடாக எழுதப்படுவது’ என்று குறித்திருக்கிறேன். அகராதிகள் எதிலும் அப்பொருள் இல்லை. ஏழு ஆண்டுகள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு ஏடு என்னிடம் இருக்கிறது.

இதேபோன்ற கணக்கேடுகள் தென்திருவிதாங்கூர்க் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும். அவற்றைப் பழைய தாளாகப் போட்டுவிடவோ நாணி எரித்துவிடவோ வேண்டாம் என்று மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளிதழும் அரசிதழும் எண்களை மட்டுமே தரும். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பது நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.